ஃபார்மட் அடிக்கும் முன் எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும்? வாசகர் கேள்வி–பதில்

வடிவமைப்பு, புகைப்படம், வீடியோ, ஓவியம் ஆகிய வேலைகளுக்கான மென்பொருள்களில் நாமே அமைத்துக்கொண்ட செட்டிங்ஸை எப்படிப் பாதுகாப்பது என்று பல வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

வணக்கம். ஸ்டுடியோ கம்ப்யூட்டர் மிகவும் மெதுவாகிவிட்டது. ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார் சர்வீஸ் செய்பவர். படங்கள் எல்லாம் டி டிரைவில் இருப்பதால் கவலை இல்லை. ஃபோட்டோஷாப்பில் பல வருடமாகச் சேர்த்த ஆக்‌ஷன், பிரஷ், ஷார்ட்கட் எல்லாம் என்ன ஆகும்? அதே அடோபி கணக்கில் மறுபடி லாகின் செய்தால் வந்துவிடுமா?
– கும்பகோணம் வாசகர்

வராது. லாகின் செய்தால் மென்பொருளும் உரிமமும் கிடைக்கும். கிளவுட் லைப்ரரியில் நீங்களாகப் போட்டு வைத்த நிறம், லோகோ போன்றவையும் கிடைக்கும். ஆக்‌ஷன் (பதிவு செய்து வைத்த கட்டளைத் தொடர்), பிரஷ், ஷார்ட்கட், வொர்க்ஸ்பேஸ் (பேனல்களை அடுக்கி வைத்த விதம்) ஆகியவை சி டிரைவில் உங்கள் பயனர் பெயருக்குள் இருக்கின்றன. சி டிரைவை ஃபார்மட் செய்தால் அவையும் அழியும். எனவே சர்வீஸ்காரரிடம் கம்ப்யூட்டரைக் கொடுக்கும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதல் வேலை, ஃபோட்டோஷாப்பை ஒருமுறை முறையாக மூடித் திறப்பது. புதிதாகச் செய்த ஆக்‌ஷனும் பிரஷும் மென்பொருளை மூடும்போதுதான் டிஸ்கில் எழுதப்படுகின்றன. காலையில் பதிவு செய்த ஆக்‌ஷன், மதியம் ஃபோட்டோஷாப் கிராஷ் ஆனதும் காணாமல் போவதற்கு இதுதான் காரணம்.

அடுத்து ஆக்‌ஷன். ஆல்ட் விசையோடு எஃப்9 அழுத்தினால் ஆக்‌ஷன் பேனல் திறக்கும். பேனல் மெனுவில் உள்ள 'சேவ் ஆக்‌ஷன்ஸ்' பலருக்கு மங்கலாக, அழுத்த முடியாதபடி இருக்கும். ஒற்றை ஆக்‌ஷனைத் தேர்ந்தெடுத்திருந்தால் அப்படித்தான் தெரியும். அது எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறதோ அந்த ஃபோல்டரை, அதாவது செட்டை, கிளிக் செய்தால் சேவ் செய்ய வழி திறக்கும். கிடைப்பது ஏடிஎன் ஃபைல். எத்தனை செட் இருக்கிறதோ அத்தனை முறை இதைச் செய்ய வேண்டும். கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் அழுத்திக்கொண்டே 'சேவ் ஆக்‌ஷன்ஸ்' கொடுத்தால் ஒவ்வொரு படியும் எழுத்தாக ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரும். அதை மறுபடி ஃபோட்டோஷாப்பில் ஏற்ற முடியாது. ஆனால் எந்த ஆக்‌ஷனில் எந்த அளவு, எந்த எண் கொடுத்தோம் என்று பின்னாளில் பார்க்க அதைவிட நல்ல பதிவு இல்லை. பாஸ்போர்ட் போட்டோவுக்கு 35 x 45 மிமீ, 300 டிபிஐ, அதாவது 413 x 531 பிக்சல் என்று வைத்திருக்கும் செட்டுக்கெல்லாம் இதையும் அவசியம் எடுத்து வையுங்கள்.

பிரஷ், பேட்டர்ன், கிரேடியன்ட், ஸ்வாட்ச், ஸ்டைல், ஷேப் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பேனல் உண்டு. அந்தந்தப் பேனலில் தேவையான குரூப்புகளைத் தேர்ந்தெடுத்து, மெனுவில் 'எக்ஸ்போர்ட் செலக்டட்' என்று தொடங்கும் கட்டளையைக் கொடுங்கள். பிரஷ் ஏபிஆர், பேட்டர்ன் பிஏடி, கிரேடியன்ட் ஜிஆர்டி, ஸ்வாட்ச் ஏசிஓ, ஸ்டைல் ஏஎஸ்எல், ஷேப் சிஎஸ்எச் என்ற பின்னொட்டோடு வரும்.

ஷார்ட்கட்டுக்கு எடிட் மெனுவில் 'கீபோர்டு ஷார்ட்கட்ஸ்'. அங்கே புதிய பெயரில் செட்டாகச் சேமித்தால் கேஒய்எஸ் ஃபைல் உருவாகும். அதே பெட்டியில் இருக்கும் 'சம்மரைஸ்' பொத்தானையும் அழுத்துங்கள். எல்லா ஷார்ட்கட்டும் பட்டியலாக ஒரு வெப் பக்கத்தில் வரும். அதை அச்செடுத்து மேசையில் ஒட்டி வைத்தால் புதிதாக வேலைக்கு வருபவருக்கும் உதவும்.

வொர்க்ஸ்பேஸுக்கு மட்டும் எக்ஸ்போர்ட் பொத்தான் கிடையாது. ஃபோல்டரைத்தான் காப்பி செய்ய வேண்டும். ஃபோட்டோஷாப்பை மூடிவிட்டு, விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்துங்கள். வரும் பெட்டியில் சதவீதக் குறி, ஆப்டேட்டா, மறுபடி சதவீதக் குறி என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் தட்டினால் ரோமிங் ஃபோல்டர் திறக்கும். அதற்குள் அடோபி, பிறகு உங்கள் வெர்ஷன் பெயரோடு அடோபி ஃபோட்டோஷாப், அதற்குள் செட்டிங்ஸ் என்று முடியும் ஃபோல்டர். வொர்க்ஸ்பேசஸ் அதற்குள் இருக்கிறது. அந்த அடோபி ஃபோட்டோஷாப் ஃபோல்டரை அப்படியே முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். மேக் வைத்திருப்பவர்கள் ஃபைண்டரில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு கோ மெனுவைத் திறந்தால் லைப்ரரி தெரியும். அங்கே செட்டிங்ஸ் இருப்பது பிரிஃபரன்சஸ் ஃபோல்டரில். ப்ரீசெட்டுகள், அதாவது சேமித்து வைத்த தயார் அமைப்புகள், அப்ளிகேஷன் சப்போர்ட்டுக்குள் அடோபியில்.

ஸ்டுடியோக்காரர்கள் அதிகம் மறப்பது கலர் செட்டிங்ஸ். அது ஃபோட்டோஷாப் ஃபோல்டரிலேயே இல்லை. ரோமிங்கில் அடோபிக்குள் கலர், அதற்குள் செட்டிங்ஸ் என்ற இடத்தில் சிஎஸ்எஃப் ஃபைலாக இருக்கிறது. எடிட் மெனுவின் கலர் செட்டிங்ஸ் பெட்டியில் பெயர் கொடுத்து 'சேவ்' செய்தால்தான் அந்த ஃபைலே உண்டாகும். லேப் கொடுத்த பிரிண்டர் ப்ரொஃபைலும் மானிட்டர் காலிபரேஷன் ப்ரொஃபைலும் இன்னும் தள்ளி, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், டிரைவர்ஸ், கலர் என்ற வரிசையில் கிடக்கும். இவற்றை எடுக்காமல் ஃபார்மட் செய்துவிட்டு, 'பிரிண்ட் நிறம் முன்பு போல் வரவில்லையே' என்று பிரிண்டர் மேல் சந்தேகப்படுபவர்கள் ஏராளம்.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த ஏடிஎன் ஃபைலைப் புதிய கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஆக்‌ஷன் பெயர்கள் எல்லாம் வந்துவிட்டன. பிளே கொடுத்தால் பாதியில் நின்று, கட்டளை இப்போது கிடைக்கவில்லை என்கிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?
– திண்டுக்கல் வாசகர்

ஃபைல் கெட்டிருந்தால் ஏறியே இருக்காது. ஆக்‌ஷன் என்பது கட்டளைகளின் பதிவு மட்டும். அது கூப்பிடும் பொருள்கள் அதற்குள் அடங்கவில்லை. ஒரு படியில் நீங்கள் சேர்த்த பேட்டர்னை நிரப்பச் சொல்லியிருந்தால் அந்தப் பேட்டர்ன் புதிய கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். பிளக்-இன், ஃபான்ட், டூல் ப்ரீசெட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். ஆக்‌ஷன் பேனல் மெனுவில் 'பிளேபேக் ஆப்ஷன்ஸ்' திறந்து 'ஸ்டெப் பை ஸ்டெப்' என்று மாற்றினால் ஒவ்வொரு படியாக ஓடும். நிற்கும் படி 'செலக்ட் லேயர்' என்றால், பதிவு செய்தபோது இருந்த லேயர் பெயர் இந்தப் படத்தில் இல்லை என்று பொருள். 'சேவ்' அல்லது 'ஓப்பன்' என்றால் பாதை மாறியிருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் டி டிரைவாக இருந்தது புதியதில் இ ஆகியிருக்கலாம். அந்தப் படிக்கு இடப்பக்கம் உள்ள சின்ன டயலாக் கட்டத்தைக் கிளிக் செய்து வைத்தால், அந்த இடத்தில் நின்று எங்கே சேமிக்க என்று உங்களைக் கேட்கும். அல்லது அந்த ஒரு படியை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். முழு ஆக்‌ஷனையும் புதிதாகச் செய்யத் தேவையில்லை.

புதிய வெர்ஷன் போட்ட பிறகு, பழைய வெர்ஷனின் செட்டிங்ஸ் ஃபோல்டரை அப்படியே புதியதன் மேல் ஒட்டலாமா? எல்லாம் ஒரே தடவையில் முடிந்துவிடுமே?
– ஈரோடு வாசகர்

ஒட்டாதீர்கள். அந்த ஃபோல்டரில் இரண்டு விதமான பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, நீங்கள் உருவாக்கியவை: ஆக்‌ஷன், பிரஷ், ஷார்ட்கட். இவை பெரும்பாலும் புதிய வெர்ஷனிலும் ஏறும். இன்னொன்று, மென்பொருள் தனக்காக எழுதி வைத்த பிரிஃபரன்சஸ் ஃபைல்: எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு, எந்த ஸ்கிராட்ச் டிஸ்க், எவ்வளவு மெமரி, கடைசியாகத் திறந்த பெட்டி எங்கே இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். அது அந்தக் கம்ப்யூட்டருக்கும் அந்த வெர்ஷனுக்கும் உரியது. ஃபோட்டோஷாப் காரணமே இல்லாமல் தடுமாறும்போது திறந்த கையோடு கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிரிஃபரன்சஸை அழிக்கச் சொல்வது அந்த ஃபைல் எளிதில் கெடுகிற ஃபைல் என்பதால்தான். அதைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கொண்டுவந்து ஒட்டினால் பழைய கோளாறும் கூடவே வரும்.

ஃபோல்டர் காப்பி ஒரு காப்பீடாக இருக்கட்டும். திரும்ப ஏற்றும்போது எக்ஸ்போர்ட் செய்த தனி ஃபைல்களையே பயன்படுத்துங்கள்; எக்ஸ்போர்ட் இல்லாத வொர்க்ஸ்பேஸை மட்டும் அந்தக் காப்பியிலிருந்து எடுங்கள். புதிய ஃபோட்டோஷாப்பை ஒருமுறை திறந்து மூடி, மறுபடி திறந்து, ஏடிஎன், ஏபிஆர் ஃபைல்களை இரட்டைக் கிளிக் செய்தாலே உள்ளே போய்விடும். பிரிஃபரன்சஸில் நீங்கள் மாற்றியவை அதிகம் போனால் பத்து, பதினைந்து இருக்கும். அந்தப் பக்கங்களை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக் கையால் போடுவதே பாதுகாப்பு.

ஒரே கம்ப்யூட்டரில் வெர்ஷன் மட்டும் மாறுகிறது என்றால், கிரியேட்டிவ் கிளவுட் ஆப்பில் அப்டேட் கொடுக்கும்போது முந்தைய செட்டிங்ஸை எடுத்துக்கொள்ளும் தேர்வில் உள்ள டிக்கை அப்படியே வைத்துக்கொண்டு, பழைய வெர்ஷனை நீக்கும் தேர்வில் உள்ள டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். புதியதில் எல்லாம் சரியாக வந்ததைப் பார்த்த பிறகு பழையதை நீக்கிக்கொள்ளலாம்.

லைட்ரூம் கிளாசிக்கில் வாரம் ஒருமுறை மூடும்போது பேக்கப் எடுக்கிறேன். அதில் என் ப்ரீசெட்டுகளும் இருக்கும்தானே?
– மதுரை வாசகர்

இருக்காது. அந்தப் பேக்கப் கேட்டலாக்கை மட்டும் ஜிப் செய்கிறது. படங்களின் எடிட் விவரம், ரேட்டிங், கீவேர்டு, கலெக்‌ஷன் எல்லாம் அதில் உண்டு. படங்கள் இல்லை, ப்ரீசெட்டும் இல்லை. நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் அந்த ஜிப் கேட்டலாக் இருக்கும் அதே டிஸ்கில், பக்கத்து ஃபோல்டரிலேயே விழுகிறது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். மூடும்போது வரும் பேக்கப் பெட்டியில் 'சூஸ்' கொடுத்து வேறு டிஸ்குக்கு மாற்றுங்கள்.

ப்ரீசெட்டுக்கு: 2018 ஏப்ரலில் வந்த 7.3 முதல் டெவலப் ப்ரீசெட்டுகள் எக்ஸ்எம்பி ஃபைல்களாகக் கேமரா ரா ஃபோல்டருக்குப் போய்விட்டன. அதற்கு முன்பு எல்ஆர்டெம்ப்ளேட் என்ற வடிவில் லைட்ரூம் ஃபோல்டரில் இருந்தன. எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், ப்ரீசெட்ஸ் தாவலுக்குப் போனால் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று டெவலப் ப்ரீசெட் ஃபோல்டரைக் காட்டும். இன்னொன்று மற்ற எல்லா லைட்ரூம் ப்ரீசெட்டையும் காட்டும். இரண்டும் வேறு வேறு இடம். இரண்டையும் காப்பி செய்ய வேண்டும். வாட்டர்மார்க், எக்ஸ்போர்ட் ப்ரீசெட், மெட்டாடேட்டா ப்ரீசெட் எல்லாம் இரண்டாவதில்தான். முதலாவதை மட்டும் எடுத்துவிட்டு, ஸ்டுடியோ வாட்டர்மார்க்கை மறுபடி செய்து திண்டாடுவது வழக்கமான விபத்து.

அதே தாவலில் ப்ரீசெட்டைக் கேட்டலாக்கோடு சேர்த்து வைக்கும் தேர்வு ஒன்றும் உண்டு. அதில் டிக் போட்டிருந்தால் ஃபோல்டர் கேட்டலாக்கின் அருகே இருக்கும். ப்ரிவியூ ஃபைல்களைப் பேக்கப்பில் சேர்க்க வேண்டாம். பெரிய இடம் பிடிக்கும். லைட்ரூமே அவற்றைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளும்.

பிரீமியர் ப்ரோவில் எதை எடுக்க வேண்டும்?
– திருநெல்வேலி வாசகர்

இதில் ஆப்டேட்டாவில் தேட வேண்டியது குறைவு. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் அடோபி, பிரீமியர் ப்ரோ, வெர்ஷன் எண், அதற்குள் ப்ரொஃபைல் என்று தொடங்கும் ஃபோல்டர். வொர்க்ஸ்பேஸ் அதில் உள்ள லேஅவுட்ஸில், ஷார்ட்கட் வின் என்ற உள் ஃபோல்டரில். ஷார்ட்கட்டின் பின்னொட்டு இங்கேயும் கேஒய்எஸ்தான். ஃபோட்டோஷாப்பின் கேஒய்எஸ் ஃபைலோடு ஒரே ஃபோல்டரில் போட்டால் எது எதனுடையது என்று தெரியாது. பேக்கப்பில் மென்பொருள் வாரியாகத் தனி ஃபோல்டர் வையுங்கள்.

எஃபெக்ட் ப்ரீசெட்டுகளை எஃபெக்ட்ஸ் பேனலில் தேர்ந்தெடுத்து மெனுவிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யலாம். வீடியோ வெளியேற்றும் ப்ரீசெட், அதாவது ஈபிஆர் ஃபைல்கள், பிரீமியர் ஃபோல்டரில் இல்லாமல் பக்கத்திலுள்ள அடோபி மீடியா என்கோடர் ஃபோல்டரின் ப்ரீசெட்ஸில் இருக்கும். கல்யாண வீடியோ செய்பவர்கள் சேர்த்து வைத்திருக்கும் டைட்டில் டெம்ப்ளேட்டுகள் ரோமிங்கில் அடோபி, காமன், மோஷன் கிராஃபிக்ஸ் டெம்ப்ளேட்ஸில். லட் ஃபைல்களை (வீடியோவின் நிறத்தை மாற்றும் அட்டவணைகள்) எங்கிருந்து ஏற்றினீர்களோ அந்த ஃபோல்டரையும் சேருங்கள். மீடியா கேஷை விட்டுவிடுங்கள்.

டாவின்சி ரிசால்வ் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் பவர்கிரேடும் (சேமித்து வைத்த நிற அமைப்பு) ப்ராஜெக்ட்டுகளும் டேட்டாபேஸுக்குள் இருக்கின்றன. ப்ராஜெக்ட் மேனேஜரில் டேட்டாபேஸையே பேக்கப் எடுக்க வேண்டும். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டாக எக்ஸ்போர்ட் செய்வது அதற்கு ஈடாகாது. கீபோர்டு அமைப்புக்கு 'கீபோர்டு கஸ்டமைசேஷன்' பெட்டியில் மூன்று புள்ளி மெனுவில் எக்ஸ்போர்ட் உண்டு.

ஐயா, அழைப்பிதழ் அச்சுக்கு கோரல்டிராவில் வேலை செய்கிறோம். டூல்பார், ஷார்ட்கட் எல்லாம் எங்கள் வசதிக்கு மாற்றி வைத்திருக்கிறோம். ஒருநாள் திறந்ததும் எல்லாம் புதிதுபோல் வந்து நிற்கிறது. அதோடு, கம்ப்யூட்டர் மாற்றும்போது தமிழ் ஃபான்ட்டில் பாதி காணாமல் போகிறது. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.
– சிவகாசி வாசகர்

கோரல்டிரா திறக்கும்போது எஃப்8 அழுத்தியிருந்தால் வொர்க்ஸ்பேஸ் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். கீபோர்டு மேல் ஏதாவது பாரமாகக் கிடந்தாலும் போதும். நடுவே கேள்வி கேட்கும், பழக்கத்தில் எஸ் கொடுத்துவிடுவோம். இதற்கு முன்கூட்டியே எடுத்து வைத்த காப்பிதான் மருந்து. விண்டோ மெனுவில் வொர்க்ஸ்பேஸ், அதில் எக்ஸ்போர்ட். டாக்கர், டூல்பார், மெனு, ஷார்ட்கட் எனப் பட்டியல் வரும். எல்லாவற்றிலும் டிக் போட்டுப் பெயர் கொடுங்கள். பழைய வெர்ஷன்களில் இது டூல்ஸ், ஆப்ஷன்ஸ், வொர்க்ஸ்பேஸ் பக்கத்தில் இருக்கும். மேக்ரோ வைத்திருந்தால் அவை ஜிஎம்எஸ் ஃபைல்கள். ரோமிங்கில் கோரல் ஃபோல்டருக்குள் டிரா, ஜிஎம்எஸ் என்ற இடத்தில் கிடைக்கும். வொர்க்ஸ்பேஸ் எக்ஸ்போர்ட்டில் அவை வராது.

ஃபான்ட் விஷயம் இதைவிட முக்கியம். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸை முழுதாகக் காப்பி செய்து எடுத்துப் போயிருப்பீர்கள். விண்டோஸ் 10-இன் 1809 வெர்ஷன் முதல், ஃபான்ட் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து சாதாரணமாக இன்ஸ்டால் கொடுத்தால் அது அந்த ஃபோல்டருக்குப் போவதில்லை. உங்கள் பயனர் பெயருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற இடத்துக்குப் போகிறது. காணாமல் போன பாதி அங்கேதான் இருந்திருக்கும். இனி ஃபான்ட் ஃபைலை ரைட் கிளிக் செய்து, எல்லாப் பயனர்களுக்கும் என்ற தேர்வில் இன்ஸ்டால் செய்யுங்கள்.

அதைவிட நல்லது, வாங்கிய, இறக்கிய மூல ஃபான்ட் ஃபைல்களைத் தனி ஃபோல்டரில் வைத்திருப்பது. பாமினி, வானவில் வகை போன்ற பழைய குறியீட்டு ஃபான்ட்டுகளில் இது உயிர்நாடி. யூனிகோட் எழுத்து என்றால் ஃபான்ட் இல்லாவிட்டாலும் விண்டோஸ் வேறொரு தமிழ் ஃபான்ட்டில் காட்டிவிடும், வாசிக்க முடியும். பாமினியில் தட்டிய அழைப்பிதழ், ஃபான்ட் இல்லையென்றால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். மாப்பிள்ளை பெயரைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. எழுத்தடிக்கும் மென்பொருளில் எந்த விசை அமைப்பு, எந்தக் குறியீடு தேர்ந்தெடுத்திருந்தீர்கள் என்பதையும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். தமிழ்99 பழகிய கைக்குப் புதிய கம்ப்யூட்டரில் டைப்ரைட்டர் அமைப்பு வந்து நின்றால் வேலை ஓடாது.

கிம்ப் 2.10-இலிருந்து 3.0-க்கு மாறுகிறேன். லினக்ஸ். என் பிரஷ், ஸ்கிரிப்ட், பிளக்-இன் எல்லாம் தானாக வருமா? இங்க்ஸ்கேப்புக்கும் சொல்லுங்கள்.
– கோவை மாணவி

2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0, முதல்முறை திறக்கும்போது 2.10-இன் ஃபோல்டரைக் கண்டுபிடித்து பிரஷ், பேலட், கிரேடியன்ட் எல்லாவற்றையும் புதிய ஃபோல்டருக்குக் காப்பி செய்துகொள்ளும். பழைய ஃபோல்டர் அப்படியே இருக்கும், அழிக்க வேண்டாம். பிளக்-இன்தான் சிக்கல். பைத்தான் 2-இல் எழுதியவை 3.0-இல் ஓடாது, பைத்தான் 3-க்கு மாற்றி எழுதப்பட்ட பதிப்பு வேண்டும். ஒவ்வொரு பிளக்-இன்னும் தன் பெயருள்ள தனி ஃபோல்டருக்குள் இருந்தால்தான் 3.0 அதை ஏற்கும். 2.10-இல் பிளக்-இன்ஸ் ஃபோல்டரில் நேரடியாகப் போட்டாலே போதுமாக இருந்தது. ஷார்ட்கட் ஃபைலின் பெயரும் மெனுஆர்சி என்பதிலிருந்து ஷார்ட்கட்ஸ்ஆர்சி என்று மாறிவிட்டது. பழையதைக் கொண்டுபோய்ப் போட்டால் படிக்காது.

ஃபோல்டர் இருக்கும் இடம், ஹோமுக்குள் புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக், அதில் கிம்ப், வெர்ஷன் எண். கண்ட்ரோல் எச் அழுத்தினால் மறைந்த ஃபோல்டர்கள் தெரியும். ஃபிளாட்பேக் என்ற நிறுவல் முறை வழியாகப் போட்டிருந்தால் இடம் வேறாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் எடிட், பிரிஃபரன்சஸ், ஃபோல்டர்ஸ் பக்கம் உண்மையான பாதையைக் காட்டிவிடும்.

இங்க்ஸ்கேப்பில் எடிட், பிரிஃபரன்சஸ், சிஸ்டம் பக்கம் எல்லாப் பாதையையும் பட்டியலிடும். பிரிஃபரன்சஸ் எக்ஸ்எம்எல் ஃபைல், கீஸ், டெம்ப்ளேட்ஸ், பேலட்ஸ், எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபோல்டர்கள். இவ்வளவுதான்.

கிருதாவில் ஓவியம் வரைகிறேன். ரோமிங்கில் உள்ள கிருதா ஃபோல்டரைக் காப்பி செய்து புதிய லேப்டாப்பில் போட்டேன். பிரஷ் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் செட்டிங்ஸ் எதுவும் வரவில்லையே?
– யாழ்ப்பாணம் வாசகி

கிருதா இரண்டு இடத்தில் எழுதுகிறது. பிரஷ், பேட்டர்ன், பண்டில் போன்ற வளங்கள் ரோமிங்கில். பிரிஃபரன்சஸ் அடங்கிய கிருதாஆர்சி என்ற ஃபைல் ஆப்டேட்டாவின் லோக்கலில், எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாமல் வெளியிலேயே கிடக்கும். நீங்கள் எடுத்தது முதலாவது மட்டும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக வாங்கிய கிருதா என்றால் இரண்டுமே லோக்கலில் உள்ள பேக்கேஜஸ் ஃபோல்டருக்குள் தனி அறையில் இருக்கும்.

ஃபோல்டர் காப்பியை விட நம்பகமான வழி பண்டில், அதாவது வளங்களை ஒன்றாகக் கட்டிய ஒரே ஃபைல். செட்டிங்ஸ் மெனுவில் உள்ள மேனேஜ் ரிசோர்ஸ் லைப்ரரீஸ் பெட்டியில் புதிய பண்டில் உருவாக்கி, உங்கள் பிரஷ் ப்ரீசெட்டுகளோடு அவை பயன்படுத்தும் பிரஷ் டிப், பேட்டர்ன் வகைகளையும் சேருங்கள். டிப் விட்டுப்போனால் பிரஷ் பெயர் இருக்கும், கோடு வேறு மாதிரி விழும். 2021 டிசம்பரில் வந்த கிருதா 5 முதல் வளங்களின் பட்டியல் ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் இருக்கிறது. கிருதா திறந்திருக்கும்போது ஃபோல்டரைக் காப்பி செய்தால் அந்த டேட்டாபேஸ் அரைகுறையாகப் போய்ச் சேர வாய்ப்புண்டு. ஷார்ட்கட்டுக்கு கான்ஃபிகர் கிருதாவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பக்கத்தில் தனியாகச் சேமிக்கும் பொத்தான் உண்டு. டேப்லெட் டிரைவரில் அமைத்த பேனா அழுத்த வளைவும் பட்டன் அமைப்பும் அந்த டிரைவரைச் சேர்ந்தவை. வேக்கம் என்றால் வேக்கம் சென்டரில் பேக்கப் எடுக்கலாம்.

செட்டிங்ஸ் ஃபோல்டரையே ஒன்டிரைவுக்குள் நகர்த்திவிட்டால் தினமும் தானாகப் பேக்கப் ஆகிவிடுமே? வீட்டிலும் ஆபீஸிலும் ஒரே செட்டிங்ஸ் கிடைக்குமே?
– சென்னை வாசகர்

ஆசை நியாயமானது, விளைவு மோசமாக இருக்கும். இரண்டு கம்ப்யூட்டரிலும் மென்பொருள் திறந்திருந்தால் கடைசியாக மூடுவது மற்றதன் மேல் எழுதும். எழுதிக்கொண்டிருக்கும்போதே சிங்க் நடந்தால் கம்ப்யூட்டர் பெயர் ஒட்டிய இரட்டை ஃபைல்கள் முளைக்கும். மென்பொருள் அவற்றைக் கண்டுகொள்ளாது. தவறுதலாக ஒன்றை அழித்தால் அழிவும் எல்லா இடத்துக்கும் சிங்க் ஆகும். தனிநபர் ஒன்டிரைவிலும் கூகுள் டிரைவிலும் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் அது இருக்கும்.

செய்ய வேண்டியது இது: மென்பொருளை மூடி, எக்ஸ்போர்ட் ஃபைல்களையும் செட்டிங்ஸ் ஃபோல்டரையும் ஜிப் செய்து, பெயரில் தேதியும் வெர்ஷனும் போட்டு, அந்த ஜிப்பைக் கிளவுடில் ஏற்றுங்கள். பழைய ஜிப்பின் மேல் எழுதாமல் கடைசி மூன்றையாவது வைத்திருங்கள். கெட்டுப்போன செட்டிங்ஸையே பேக்கப் எடுத்தது தெரியவரும்போது முந்தையது கைகொடுக்கும். இன்னொரு காப்பி வெளியே கழற்றி வைக்கும் டிஸ்கில். பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் அதில் ஏறாது. பெரிய லைட்ரூம் கேட்டலாக்கும் பிரஷ் தொகுப்பும் அங்கேதான் தட்டும். எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.

விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி ஓடுகிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது இயல்பாக டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்றவற்றை எடுக்கும், ஆப்டேட்டாவைத் தொடாது. மேக்கின் டைம் மெஷின் லைப்ரரியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்.

எடுத்த பேக்கப் வேலை செய்யுமா என்று ஃபார்மட் செய்யாமலே எப்படிப் பார்ப்பது?
– அதே வாசகர்

விண்டோஸ் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் போய் இன்னொரு பயனரை உருவாக்கி அதில் லாகின் செய்யுங்கள். இந்தச் செட்டிங்ஸ் எல்லாம் பயனருக்குப் பயனர் தனி என்பதால், அங்கே ஃபோட்டோஷாப்போ கிருதாவோ புதிதாக நிறுவியதுபோல் வெறுமையாகத் திறக்கும். பேக்கப்பிலிருந்து ஏற்றிப் பாருங்கள். வழக்கமான ஒரு வேலையை ஆரம்பம் முதல் முடிவு வரை செய்யுங்கள். எது விட்டுப்போனது என்பது அரை மணியில் தெரிந்துவிடும். முடிந்ததும் அந்தப் பயனரை நீக்கிவிடலாம்.

முப்பரிமாண வேலைக்கான பிளெண்டரில் எதை எடுத்து வைக்க வேண்டும்?
– புதுச்சேரி வாசகர்

ரோமிங்கில் பிளெண்டர் ஃபவுண்டேஷன், பிளெண்டர், வெர்ஷன் எண். அதில் கான்ஃபிக், ஸ்கிரிப்ட்ஸ் இரண்டும். யூசர்பிரெஃப் என்ற பிளெண்ட் ஃபைலில் பிரிஃபரன்சஸ், ஸ்டார்ட்அப் என்பதில் தொடக்கக் காட்சி. கீமேப்பைப் பிரிஃபரன்சஸிலிருந்து பைத்தான் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யலாம். புதிய வெர்ஷனை முதல்முறை திறக்கும்போது வரும் வரவேற்புப் பெட்டியில் முந்தைய செட்டிங்ஸை எடுத்துக்கொள்ளும் பொத்தான் தெரியும். அதை அழுத்தாமல் பெட்டியை மூடிவிட்டுத் தேடுபவர்கள் அதிகம்.

இன்டிசைன் கோளாறு செய்ததால் பிரிஃபரன்சஸை ரீசெட் செய்தேன். கோளாறு போய்விட்டது. ஆனால் இப்போது புதிய பக்கத்தில் தமிழ் தட்டினால் 'கொ', 'கெ' எல்லாம் கொம்பு தனியாக, எழுத்து தனியாக உடைந்து வருகிறது. ஃபான்ட்டை மறுபடி போட்டும் சரியாகவில்லை.
– திருச்சி வாசகர்

ஃபான்ட்டில் குறையில்லை. தமிழை ஒழுங்காகக் கோர்க்க 'அடோபி வேர்ல்ட்-ரெடி' கம்போசர் வேண்டும். நீங்கள் முன்பு எப்போதோ அதைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறீர்கள், ரீசெட் செய்ததும் சாதாரணக் கம்போசருக்குத் திரும்பிவிட்டது. எந்தக் கோப்பையும் திறக்காமல், பிரிஃபரன்சஸில் அட்வான்ஸ்டு டைப் பக்கத்தில் டிஃபால்ட் கம்போசரை வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசராக மாற்றுங்கள். கோப்பு திறந்திருக்கும்போது பாராகிராஃப் பேனலில் மாற்றினால் அந்தக் கோப்புக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே உடைந்துபோன பக்கங்களில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பேனல் மெனுவில் அதே கம்போசரைக் கொடுத்தால் சேர்ந்துவிடும். பாராகிராஃப் ஸ்டைல் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஸ்டைலின் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் மாற்றுங்கள், கோப்பு முழுதும் ஒரே நேரத்தில் சரியாகும்.

இந்த அமைப்பு இன்டிசைன் டிஃபால்ட்ஸ் என்ற ஃபைலில் இருக்கிறது. ரோமிங்கில் அடோபி, இன்டிசைன், வெர்ஷன், மொழிக் குறியீட்டு ஃபோல்டர். சரிசெய்த பிறகு இன்டிசைனை மூடி அந்த ஃபைலை எடுத்து வையுங்கள். அதே வெர்ஷனில் அடுத்த முறை ரீசெட் செய்ய நேர்ந்தால் இதை மட்டும் திரும்ப வைத்துப் பாருங்கள். கோளாறும் திரும்பினால் ஃபைலே பழுது. அப்போது நீக்கிவிட்டுக் கம்போசரைக் கையால் மாற்றுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் இதே வேலைக்கு பிரிஃபரன்சஸில் டைப் பக்கத்தில் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' டிக் செய்து, பாராகிராஃப் பேனலில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.